அடி யார்மேல் விழுந்தது?

செம்பூரில் ஆடி இரண்டு முறை வரும். முதலில் மராத்திக்காரர்களின் ஆஷாட ஏகாதசி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெள்ளை உடுத்தி, நெற்றியில் சந்தனக் கோடு இழுத்து, தலையில் துளசித் தொட்டி சுமந்து, ஜால்ரா தட்டிக்கொண்டு தெருவில் போவார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வரிசையில் இருப்பார்கள். சில வாரம் கழித்து நம்முடைய ஆடிக் கிருத்திகை. செட்டா நகர் முருகன் கோயில் படிகளில் கால் வைக்க இடம் இருக்காது. பல ஆண்டுகளாக இந்த இரண்டையும் பார்த்துவருகிறேன். இரண்டிலும் கும்பிடுகிறவன் நான்.

ஒரு மாலை மாட்டுங்காவில் பஜனை கேட்டுக்கொண்டிருந்தேன். பாகவதர் நந்தனார் சரித்திரத்திலிருந்து ஒரு கீர்த்தனை பாடினார். அதை முடித்த கையோடு சோகாமேளாவின் அபங்கம் ஒன்றை எடுத்தார். இரண்டுக்கும் கூட்டம் உருகியது, நானும்தான். வீடு திரும்பும்போதுதான் உறைத்தது: இரண்டுமே கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றிய பாட்டு. அவர்களுடைய ஏக்கத்தை நாங்கள் உள்ளே விளக்கடியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தோம்.

இந்த இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்ன இன்னொருவர் இதே மும்பையில் வாழ்ந்தவர். தீண்டாமையின் தோற்றத்தைப் பற்றி அம்பேத்கர் எழுதிய நூல் 1948இல் வெளிவந்தது. அதை அவர் நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். கோயில் நுழைவுப் போராட்டங்களைக் கைவிட்டு, இந்து மதத்தைவிட்டு வெளியேறுவேன் என்று அறிவித்துப் பதின்மூன்று ஆண்டு ஆனபின் செய்த காணிக்கை அது. மதத்தைத் துறக்கத் துணிந்தவர் பக்தர்களை ஏன் வணங்கினார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நம் கதைகளைத் திரும்பப் படித்தால், அதிகாரத்தையும் நம்பிக்கையையும் பற்றி மட்டுமல்ல, மனித சுபாவத்தைப் பற்றியும் அவை நிறையச் சொல்கின்றன.

நந்தனின் கதை சிறியதாகத் தொடங்கியது. எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் பாடிய திருத்தொண்டத் தொகையில் அவருக்குக் கிடைத்தது ஒரு சிறு குறிப்புதான். பெயர்கூட நந்தன் இல்லை, திருநாளைப்போவார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று தள்ளிப் போட்டவரின் பெயர் அது. ஏன் தள்ளிப் போட வேண்டியிருந்தது என்று சுந்தரர் சொல்லவில்லை. அதே பதிகம் தில்லைவாழ் அந்தணரை முதலில் வணங்கித்தான் ஆரம்பிக்கிறது. வாசலைக் காப்பவர்களும் வாசலில் தடுக்கப்பட்டவரும் ஒரே பட்டியலில், ஒரே மரியாதையோடு இருக்கிறார்கள். நம்பியாண்டார் நம்பி கதையைக் கொஞ்சம் விரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை முழுச் சரித்திரம் ஆக்கினார்.

சேக்கிழார் ஆதனூர்ச் சேரியை வருணிக்கும் இடத்தில் நின்று படிக்க வேண்டும். கூரைமேல் படர்ந்த சுரைக்கொடி, முற்றத்தில் கோழிக்குஞ்சு, தோல்மேல் உறங்கும் குழந்தை, மரக்கிளையில் தொங்கும் பறை. சோழ அரசவையோடு உறவுள்ள ஒரு பெரிய அதிகாரி இவற்றையெல்லாம் உற்றுப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த நந்தன் செய்யும் தொண்டு கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும் கொடுப்பது, யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுப்பது, பூசைக்குக் கோரோசனை கொடுப்பது. அவர் கொடுத்த தோல் சன்னதிவரை போகிறது, அவர் போக முடியவில்லை. திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட, வெளியே நின்றே தரிசனம் கிடைக்கிறது. தில்லையில் அதுவும் இல்லை. இறைவன் கனவில் வந்து தீயில் மூழ்கி வரச் சொல்கிறான். தீ மூட்டும்படி தில்லை அந்தணர்களுக்கும் கனவில் ஆணை. நந்தன் தீயில் புகுந்து, பூணூல் அணிந்த முனிவராக எழுந்து, உள்ளே போய், மறைந்துவிடுகிறார்.

சேக்கிழாரின் பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. நந்தனை அவர் உண்மையாகவே நாயனாராகப் பார்த்தார். ஆனாலும் கதையின் முடிவில் யார் யாரெல்லாம் மாறியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால், மாறியவர் நந்தன் ஒருவர்தான், அதுவும் உடம்போடு. வாசலில் நின்றவர்கள் நின்ற இடத்தில், நினைத்த நினைப்போடு இருக்கிறார்கள்.

திருப்பாணாழ்வார் கதை வேறு மாதிரி போகிறது. காவிரிக் கரையில் பாணர் தன்னை மறந்து பாடிக்கொண்டிருக்கிறார். திருமஞ்சனத்துக்கு நீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொல்கிறார், காதில் விழவில்லை, கல்லை எறிகிறார். பாணர் நெற்றியில் ரத்தம். முனிவர் கோயிலுக்குத் திரும்பினால் அரங்கன் நெற்றியிலும் ரத்தம். அதன்பின்தான் பாணரைத் தோளில் சுமந்து வரும்படி பெருமாளின் ஆணை. குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது.

இதையே பண்டரிபுரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். மகிபதி 1762இல் மராத்தியில் எழுதிய பக்த விஜயம், தமிழ் உரைநடையாகி நம் பாட்டிமார் கையில் இருந்த புத்தகம். மஹர் சாதியில் பிறந்த சோகாமேளா கோயிலுக்குள் வந்துவிட்டார் என்று சந்திரபாகா ஆற்றின் அக்கரைக்கு விரட்டப்படுகிறார். விட்டலன் அங்கேயே போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். பரிமாறும்போது மனைவி சிந்திய தயிர் சுவாமியின் பீதாம்பரத்தில் பட்டுவிட, சோகாமேளா மனைவியைக் கடிந்துகொள்கிறார். அந்த வழியாகப் போன பூசாரி அதைக் கேட்டுக் கன்னத்தில் அறைகிறார். கோயிலுக்குத் திரும்பிய பூசாரி காண்பது தயிர்க்கறை படிந்த பீதாம்பரத்தையும் வீங்கிய கன்னத்தையும்.

மதுரையிலும் இது நடந்திருக்கிறது. பிட்டுக்கு மண் சுமக்கக் கூலியாளாக வந்த சிவனைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் மீதும் விழுந்தது.

திருவரங்கம், பண்டரிபுரம், மதுரை. வெவ்வேறு நூற்றாண்டு, வெவ்வேறு மொழி, சைவம், வைணவம் என்று வெவ்வேறு வழி. கதையின் முடிச்சு ஒன்றே: மனிதன்மேல் விழுந்த அடி தெய்வத்தின்மேல் தெரிகிறது. ஒடுக்கப்பட்டவனின் உடம்பும் தெய்வத்தின் உடம்பும் ஒன்று என்ற எண்ணத்தைவிடத் துணிச்சலான எண்ணம் எந்த மதத்தில் இருக்க முடியும்? இதைப் புனைந்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதே வேளை, இன்னொன்றையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாணர் நெற்றியில் வழிந்த ரத்தம் முனிவரின் கண்ணுக்கு நேரே இருந்தது. அது அவரை ஒன்றும் செய்யவில்லை. அரங்கன் நெற்றியில் பார்த்தபிறகே பதறினார். எதிரே வலிக்கிற மனிதன் போதவில்லை. மேலே இருப்பவருக்கு வலிக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. மனித சுபாவத்தைப் பற்றி இந்தக் கதைகள் தம்மை அறியாமல் தரும் சாட்சியம் இது.

மும்பைத் தமிழர் வீட்டு பஜனைகளில் போதேந்திரரோடும் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகளோடும் சேர்த்து வணங்கப்படும் ஸ்ரீதர ஐயாவாளின் கதையும் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. திருவிசநல்லூரில் அவர் வீட்டில் தந்தையின் சிராத்தம். பசியோடு வந்த தீண்டப்படாதவர் ஒருவருக்கு, சிராத்தத்துக்குச் சமைத்த உணவை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஊர் அந்தணர்கள் அவரை விலக்கினார்கள். கங்கையில் குளித்துவிட்டு வா என்றார்கள். அவர் பாடினார், வீட்டுக் கிணற்றில் கங்கை பொங்கி வந்தது. கார்த்திகை அமாவாசைக்கு இன்றும் அந்தக் கிணற்றில் நீராடப் பெருங்கூட்டம் போகிறது. எனக்கு இந்தக் கதை உயிர். ஆனால் கிணற்றில் கங்கை வராமலே போயிருந்தால்? பசித்தவனுக்குச் சோறு போட்டது தவறு என்று ஆகியிருக்குமா? கதை அந்தக் கேள்விக்கு நம்மைப் போகவிடுவதில்லை, அற்புதம் குறுக்கே வந்துவிடுகிறது.

ரஷ்யாவில் தஸ்தயேவ்ஸ்கி இதே இடத்தைத் தொட்டார். 1879க்கும் 1880க்கும் இடையில் தொடராக வந்த ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில், ஸ்பெயினின் செவில் நகரத்துக்குக் கிறிஸ்து திரும்பி வருகிறார். மத விசாரணைத் தலைவர் அவரைச் சிறையில் அடைக்கிறார். மனிதர்களுக்குச் சுதந்திரம் பெரிய பாரம் என்பது அந்தக் கிழவரின் வாதம். அவர்களுக்கு வேண்டியது அற்புதமும் மர்மமும் அதிகாரமும். அதை நாங்கள் கொடுத்து அவர்களைக் காப்பாற்றி வருகிறோம், நீ வந்து கெடுக்காதே என்கிறார். கிறிஸ்து பதில் பேசாமல் அவரை முத்தமிடுகிறார். கிழவர் முழுப் பொய்யர் இல்லை என்பதுதான் அந்தப் பகுதியின் கனம். அற்புதம் இருந்தால்தான் அசைவோம் என்பது அந்தணர்களுக்கும் பூசாரிகளுக்கும் மட்டும் உரிய குணம் இல்லை. கதை கேட்டு உருகும் நமக்கும் உண்டு.

பக்தர்களின் உள்ளிருந்தே எழுந்த குரல்களைப் பார்த்தால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. சோகாமேளா சில அபங்கங்களில் தன் பிறப்பை முன்வினைப் பயன் என்று ஒப்புக்கொள்கிறார். வேறு சிலவற்றில், கரும்பு வளைந்திருந்தாலும் சாறு வளையுமா என்ற பொருளில் கேட்கிறார். ஒரே மனிதர், ஒரே வாய். பணிவும் கேள்வியும் மாறி மாறி வருகின்றன. அவர் மனைவி சோயராபாய் இன்னும் நேராகப் போகிறார். உடம்பு தீட்டு என்கிறார்களே, தீட்டில்லாமல் பிறந்த உடம்பு உலகத்தில் எது என்று பாண்டுரங்கனையே கேட்கிறார். பதினான்காம் நூற்றாண்டில் ஒரு மஹர் பெண் கேட்ட கேள்வி இது. மகன் கர்மமேளாவுக்கோ பொறுமையே இல்லை. எச்சில் சோறு தின்னும் பிறப்பைக் கொடுத்துவிட்டு உனக்கு வெட்கமாக இல்லையா என்று விட்டலனிடம் சண்டைக்கு நிற்கிறார். தகப்பன் ஏற்றுக்கொண்டதில் பாதியைத் தாய் கேள்வியாக்கினார், மகன் மீதியையும் உதறினார். நந்தனுக்கு மனைவி உண்டா, மகன் உண்டா, சேக்கிழார் சொல்லவில்லை. ஆதனூரில் அந்தத் தீயைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்க யாரும் மிச்சமில்லை.

கோபாலகிருஷ்ண பாரதியார் அந்த மௌனத்தைக் கொஞ்சம் உடைத்தார். 1860களின் தொடக்கத்தில் அச்சான அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரம் வருகிறது: நந்தனை அடிமையாக வைத்திருக்கும் வேதியர். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார். சிவகணங்கள் வந்து ஒரே இரவில் முடித்துக் கொடுக்க, வேதியர் நந்தன் காலில் விழுகிறார். இங்கும் அற்புதம் இல்லாமல் வேலை நடக்கவில்லை. ஆனால் நந்தனைத் தடுத்தது வெறும் தீட்டு மட்டும் இல்லை, நிலமும் நெல்லும் கூலியும்கூட என்பதைத் தஞ்சை மண்ணில் பிறந்த பாரதியார் கண்டுகொண்டார். தடுப்பவனுக்கு ஒரு முகமும் கோபமும் கடைசியில் கண்ணீரும் கொடுத்தார். அதனால்தான் கதை காலட்சேப மேடைகளைக் கடந்து சினிமாவுக்கும் போனது. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார், 1942இல் எம். எம். தண்டபாணி தேசிகர்.

அந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வாங்க பாரதியார் பட்ட பாட்டை உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குப் பாட்டில் இருந்த இலக்கண வழுக்கள் உறுத்தின; தள்ளிக்கொண்டே போனார். பாரதியார் அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து, தமக்குள் பாடிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பிள்ளை அந்தப் பாட்டில் கரைந்தபிறகே பாயிரம் கிடைத்தது. நந்தனைப் பாடியவரும் ஒரு வாசலில் காத்துக்கிடந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்கிறது. ஆனால் அங்கே கதவைத் திறந்தது அற்புதம் அல்ல. உள்ளே இருந்தவர் வெளியே இருந்தவரின் குரலைக் காது கொடுத்துக் கேட்டார், அவ்வளவே.

இருபதாம் நூற்றாண்டு அற்புதத்தைக் கழற்றிவிட்டது. புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய ‘புதிய நந்தன்’ கதையில் தீ இல்லை, ரயில் வருகிறது. சாதி கடந்து மூன்று பேர் அதன் கீழ் சாகிறார்கள், யாரும் முனிவராக எழுவதில்லை. இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ நாடகத்தில் அந்தத் தீயையே சந்தேகித்தார். அங்கே நந்தன் சதியால் தீக்குள் அனுப்பப்படுகிறான். நந்தன் எரிந்தானா எரிக்கப்பட்டானா என்ற கேள்வி தமிழ் மேடைக்கு வந்ததும், சேக்கிழாரைப் பழையபடி படிக்க முடியாமல் போய்விட்டது. சிதம்பரத்திலேயே வேறொரு பதிலும் எழுந்தது. சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். நந்தன் தீக்குள் போன ஊரில் நந்தன் பெயரால் அகரம் படித்தார்கள்.

மராத்திய மண்ணில் அம்பேத்கர் முதலில் வாசலைத் தட்டிப் பார்த்தார். நாசிக் காலாராம் கோயில் சத்தியாக்கிரகம் 1930 மார்ச்சில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடந்தது, கதவு திறக்கவில்லை. அவர் மனைவி ரமாபாய்க்குப் பண்டரிபுரம் போக ஆசை. அங்கே போனாலும் தொலைவில் நின்றுதான் கும்பிட வேண்டும். நம்மை உள்ளே விடாத பண்டரிபுரம் எதற்கு, நமக்கு வேறொரு பண்டரிபுரம் உண்டாக்குவோம் என்று அவர் சொன்னதாக வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. 1935 மே மாதம் தாதரில், மாட்டுங்காவை ஒட்டிய ராஜகிருக வீட்டில் ரமாபாய் இறந்துபோனார். அக்டோபரில் யேவலாவில், இந்து மதத்தைவிட்டு வெளியேறுவேன் என்ற அந்த அறிவிப்பு. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம். கணவர் சொன்னதே சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் தரிசனம் கிடைக்காமலே போன அந்த அம்மாளின் ஆசையைச் சின்னதாக நினைக்க என்னால் முடியவில்லை.

முதலில் கேட்ட கேள்விக்கு இங்கே எனக்கு ஒரு பதில் கிடைக்கிறது. மனிதன்மேல் விழுந்த அடி தெய்வத்தின்மேல் விழுந்ததாகத் தெரியும்வரை காத்திருக்க அம்பேத்கர் மறுத்தார். அடி அடிபட்டவன்மேலேயே இருக்கட்டும், அதுவே போதுமான காரணம் என்றார். நந்தனையும் சோகாமேளாவையும் ரவிதாஸையும் வணங்கியபோது, அவர்களை உருமாற்றிய அற்புதத்தை அவர் வணங்கவில்லை. அந்தப் பிறப்பிலிருந்து, அந்த உடம்போடு, தங்கள் ஒழுக்கத்தால் எல்லோர் மதிப்பையும் வென்றவர்கள் என்றே வணங்கினார். தீயில் குளிப்பதற்கு முன்பிருந்த நந்தனை வணங்கினார்.

அற்புதம் இல்லாமலும் கதவுகள் திறந்தன. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், அதுவரை தடுக்கப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துப் போனார். பண்டரிபுரத்தில் 1947 மே மாதம் சானே குருஜி உண்ணாவிரதம் இருந்தார். பத்தாம் நாள் தலித்துகளுக்குக் கோயிலைத் திறக்க ஒப்புக்கொண்டார்கள். அங்கே பரம்பரைப் பூசாரிகளின் உரிமை உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது 2014இல்தான். அதே ஆண்டு பிராமணர் அல்லாதவர்களும் பெண்களும் பூசைக்கு நியமிக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970இல் சட்டத் திருத்தம் வந்தது; பயிற்சி பெற்ற 24 அர்ச்சகர்களுக்கு நியமன ஆணை கிடைத்தது 2021 ஆகஸ்டில். இடையில் ஐம்பது ஆண்டுக்கு மேல் வழக்குகள். திருநாளைப்போவார் என்ற பெயர் நினைவுக்கு வராமல் இருக்குமா? சட்டம் கதவைத் திறந்துவிடும். உள்ளே இருப்பவர் முகம் சுளிக்காமல் இருக்க எந்தச் சட்டத்தாலும் செய்ய முடியாது. அந்த வேலை கதைகளுக்கும் பாட்டுகளுக்கும் உரியது. அவை அதைச் சரியாகச் செய்கின்றனவா என்பதே என் கவலை.

செம்பூரிலிருந்து தாராவி சில மைல் தூரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அங்கே வந்த ஆதிதிராவிடர்களும் தமிழ் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டார்கள். தோல் ஊறவைக்கும் தொட்டிகள் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போய்விட்டன. பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. 1940 ஜனவரியில் மும்பைக்கு வந்து அம்பேத்கரைச் சந்தித்த பெரியார் தாராவித் தமிழர்களிடமும் பேசினார். செம்பூரின் சித்தார்த் காலனியில், அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 வந்தால் வெள்ளை உடையில் தாதர் சைத்தியபூமிக்குக் கிளம்புவார்கள். ரமாபாய்க்குச் சொன்ன வேறொரு பண்டரிபுரம் அதுதான் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

டி. எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களின் வரலாற்றை ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று 2020இல் புத்தகமாக்கினார். மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல், அதைத் தேர்ந்து பதப்படுத்தி வார் பிடிக்கும் தலித் கைவினைஞர்கள், அவர்களில் பல கிறிஸ்தவக் குடும்பங்கள். சென்னையில் ஒரு புகழ்பெற்ற அரங்கில் நடக்கவிருந்த அதன் வெளியீடு, இடம் மறுக்கப்பட்டு வேறிடத்துக்கு மாறியது. சேக்கிழார் எழுதிய அதே செய்திதான்: தோல் உள்ளே, கொடுத்தவர் வெளியே.

போன குளிர்காலத்தில் செம்பூரில் ஒரு கச்சேரி. மும்பையில் வளர்ந்த அருணா சாய்ராம் போன்றவர்கள் பழக்கப்படுத்திய வழியில், கடைசியில் அபங்கம் வந்தது. மிருதங்கம் சீறியது, கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. முடிந்தபின் நான் மேடைக்குப் பக்கத்தில் போனேன். மிருதங்கம் வாசித்த பையன், இருபத்தைந்து வயது இருக்கும், வாத்தியத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தான்.

“தம்பி, இது யார் செஞ்சது?”

“தஞ்சாவூர்ல ஒருத்தர், மாமா. எங்க சார்தான் வாங்கிக் குடுத்தார்.”

“அவர் பேர் என்ன?”

உறையின் நாடாவை இழுத்த கை நின்றது. யோசித்தான். “இருங்கோ மாமா, கேட்டுச் சொல்றேன்” என்று போனை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே போனான். வாட்ச்மேன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். நான் கையில் பேனாவை எடுத்துக்கொண்டு, நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிவைத்து நின்றிருந்தேன்.